முந்தியவரிடமே பாடம் கேட்ட மேதை!

கம்ப்யூட்டர் இயலுக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர் ஆலன் டூரிங். 1912-ல் லண்டனில் பிறந்தார். இவருடைய தாயார் பிறந்தது நம் கோவையை அடுத்த போத்தனூரில்!

எந்தக் கணிதக் கூற்றையும் சோதித்துத் தீர்ப்புச் சொல்லும் பொது வழி உண்டா? இல்லை என்று 1936-ல் டூரிங் கண்டுபிடித்தார். நாடாவில் எழுதி அழிக்கும் கற்பனை எந்திரத்தைக் கொண்டு அதைக் காட்டினார்.

ஆனால், அமெரிக்கப் பேராசிரியர் அலோன்சோ சர்ச் முந்திவிட்டார்! ஒரு விதியின் விடையை அடுத்த விதியிடம் கொடுத்துக் கணக்கிடும் 'லாம்டா' முறை அவருடையது.

டூரிங் ஒதுங்கவில்லை. கப்பல் ஏறினார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சர்ச்சிடமே மாணவரானார். இரண்டு முறைகளும் சம வல்லமை உடையவை என்ற நிரூபணத்தை 1937-ல் வெளியிட்டார். 1938-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1954-ல், 41 வயதில் மறைந்தார். இன்று கல்லூரிகளில் கற்பிக்கப்படும் 'பங்ஷனல் புரோகிராமிங்' முறைக்கு வித்து, அவர் கடல் கடந்து கற்ற அந்த லாம்டாதான்.