மழையில் நின்று பரிசு பெற்ற மாவீரர்

கோல்ஃப் பந்தாட்டத்தைப் பற்றி நாம் அனைவரும் கேள்விப்பட்டிருக்கிறோம். பசும்புல் திடலில் சிறியதொரு வெண்பந்தை மட்டையால் அடித்து, தொலைவிலுள்ள குழியில் விழச் செய்வதே அவ்வாட்டம். பதினெட்டுக் குழிகளையும் மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றி பெற்றவராவார். ஆண்டுதோறும் நடைபெறும் நான்கு போட்டிகளை உலகம் இவ்வாட்டத்தின் தலையாய போட்டிகளாகக் கருதுகிறது. பிரிட்டிஷ் ஓப்பன் அவற்றுள் ஒன்று. ஏனைய மூன்றும் அமெரிக்காவிற்கு உரியவை. இந்நான்கில் ஒன்றையேனும் வென்றவர்களின் பெயர்கள் ஏடுகளில் நிலைத்து நிற்கின்றன. ஆனால், அவற்றுள் ஒன்றையும் வெல்லாமலே வரலாற்றில் இடம்பெற்ற வீரர் ஒருவரும் உண்டு. அவர்தாம் தென்னாப்பிரிக்காவின் பப்வா செவ்கோலம்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் கப்பல் 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911-ஆம் ஆண்டுக்குள் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சென்னை, கல்கத்தா துறைமுகங்களின் வழியாக அங்குச் சென்றனர். அவ்வாறு உருவான இந்தியச் சமூகத்தில், டர்பன் நகரை அடுத்த ஓர் ஏழைக் குடியிருப்பில் 1928-ஆம் ஆண்டு செவ்சங்கர் செவ்கோலம் பிறந்தார். பப்வா என்பது அவருடைய செல்லப் பெயர். உலகம் அவரை அப்பெயராலேயே அறிந்தது.

வறுமை அவரைப் பள்ளியில் அமர விடவில்லை. எழுதப் படிக்க அறியாதவராகவே அவர் வளர்ந்தார். சிறு வயதில் மரக்கிளை ஒன்றை மட்டையாக்கிப் பந்தடித்துப் பழகினார். பின்னர், வெள்ளையர் ஆடும் திடலில் அவர்களுடைய மட்டைப் பையைச் சுமந்து பின்செல்லும் வேலையில் சேர்ந்தார். பிறர் ஆடுவதைக் கூர்ந்து நோக்குவதே அவருக்குக் கல்வியாயிற்று. அவருக்கு ஆசான் என்று ஒருவரும் இல்லை.

ஆசான் இல்லாததால் ஒரு புதுமை நேர்ந்தது. வலக்கைப் பழக்கமுடையோர் மட்டையைப் பிடிக்கும்போது இடக்கை மேலேயும் வலக்கை கீழேயும் இருக்க வேண்டும் என்பது முறை. பப்வாவோ வலக்கையை மேலும் இடக்கையைக் கீழும் வைத்துப் பிடித்தார். முறை அறிந்தோர் அதைப் பிழை என்றனர். ஆயினும், அப்பிடியிலிருந்து புறப்பட்ட பந்து சொன்ன இடத்தில் சென்று விழுந்தது. எனவே, அவர் அப்பழக்கத்தை இறுதிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

அக்காலத்தில் தென்னாப்பிரிக்காவை ஆண்ட வெள்ளையர் அரசு, நிறத்தின் பெயரால் மக்களைப் பிரித்து வைத்திருந்தது. வாழும் இடம், படிக்கும் பள்ளி, விளையாடும் திடல் ஆகிய அனைத்திலும் அப்பிரிவினை இருந்தது. தம் நாட்டின் பெரிய போட்டிகளில் பப்வாவுக்கு இடமில்லை. அவருடைய திறமையைக் கண்டு வியந்த கிரஹாம் வுல்ஃப் என்னும் வெள்ளையரான தொழிலதிபர், 1959-ஆம் ஆண்டு அவரைத் தம் சொந்தச் செலவில் ஐரோப்பாவிற்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டே பப்வா டச்சு ஓப்பன் பட்டத்தை வென்றார். மட்டைப் பை சுமந்தவர் ஒரு நாட்டின் பட்டத்தையே சுமந்து திரும்பினார்! 1960-ஆம் ஆண்டும் 1964-ஆம் ஆண்டும் அதே பட்டம் மீண்டும் அவரை வந்தடைந்தது. 1963-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் அவர் பதின்மூன்றாம் இடத்தைப் பெற்றார். தலையாய போட்டிகளில் அவர் எட்டிய உயரம் அதுவே.

அதே 1963-ஆம் ஆண்டு, டர்பன் நகரில் நடந்த நேட்டால் ஓப்பன் போட்டியில் கலந்துகொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. வெள்ளைய வீரர்களை எதிர்த்து ஆடி அவரே வாகை சூடினார். வெள்ளையரல்லாத ஒருவர் அப்பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. ஆனால், பரிசளிப்பு நேரத்தில் மழை பெய்தது. வெள்ளையர்கள் மன்றக் கட்டடத்தினுள் ஒதுங்கினர். இந்தியராகிய பப்வா அதனுள் நுழைவதற்குச் சட்டம் இடந்தரவில்லை. வெற்றி பெற்றவர் வெளியே மழையில் நனைந்தவாறே தம் கோப்பையைப் பெற்றுக்கொண்டார். அக்காட்சியைக் காட்டிய புகைப்படம் உலக நாடுகளின் செய்தித்தாள்களில் வெளிவந்தது. நிறவெறியின் கொடுமையை எடுத்துரைக்க அந்த ஒரு படமே போதுமானதாயிற்று. தென்னாப்பிரிக்காவுடன் விளையாட்டு உறவு கூடாது என்று உலகெங்கும் எழுந்த குரலுக்கு அது வலுவூட்டியது.

1965-ஆம் ஆண்டு நேட்டால் ஓப்பன் போட்டியில் பப்வா மீண்டும் வென்றார். இம்முறை அவரிடம் தோற்றவர் உலகப் புகழ் பெற்ற கேரி பிளேயர். அதே ஆண்டில் அமெரிக்க ஓப்பன் பட்டத்தையும் வென்று, நான்கு தலையாய பட்டங்களையும் தம் வாழ்நாளில் பெற்றவர் என்னும் சிறப்பை அடைந்தவர் அவர். அத்தகையவரை வென்றவருக்குக் கிடைத்த வெகுமதி என்ன? தம் நாட்டின் பெரிய போட்டிகளில் ஆடுவதற்கு அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவருடைய கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டதால், அயல்நாடுகளுக்குச் சென்று ஆடும் வழியும் அடைபட்டது. முப்பத்தைந்தைத் தாண்டிய வயதில், திறமை முதிர்ந்து நின்ற வேளையில், அவருடைய கைகள் கட்டப்பட்டன. வறுமை மீண்டும் அவரைச் சூழ்ந்தது. 1978-ஆம் ஆண்டு, ஐம்பது வயது நிறைவதற்கு முன்னரே, மாரடைப்பால் அவர் காலமானார்.

1994-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் நடைபெற்றது. நிறவெறி ஆட்சி மறைந்தது. புதிய அரசு, மறைந்த அவ்வீரருக்கு நாட்டின் உயரிய விருதொன்றை வழங்கிச் சிறப்பித்தது. பெருமை வந்தது, பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

மாணவச் செல்வங்களே! பப்வா தலையாய பட்டம் எதையும் வெல்லவில்லை என்று ஏடுகள் கூறும். அவருக்கு எத்தனை வாயில்கள் அடைக்கப்பட்டன என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால்தான் அக்கணக்கு முழுமை பெறும். உங்கள் வகுப்பில் எவரேனும் ஒருவர் மாறுபட்ட முறையில் ஒரு செயலைச் செய்தால் எள்ளி நகையாடாதீர்கள். அது பிழையாகவும் இருக்கலாம்; பப்வாவின் பிடியாகவும் இருக்கலாம்.

பெற்றோர்களே! உழைப்பாளியின் பிள்ளையிடம் ஒளிந்திருக்கும் ஆற்றலை முதலில் காண வேண்டியவர்கள் நாமே. பப்வாவுக்குக் கிட்டாத பள்ளி நம் பிள்ளைகளுக்குக் கிட்டியிருக்கிறது. அவ்வாயில் என்றும் திறந்திருக்குமாறு காப்பது நம் கடமையாகும்.