ஊர் திரும்பிய இபின் பதூதா

மொராக்கோ நாட்டில் ஓர் ஊர். காஜியாக அமர்ந்திருந்தவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம், பாகப்பிரிவினை, கடன் தகராறு என்று வருகிற வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அவர் வேலை. இதே மனிதர் ஒரு காலத்தில் டெல்லி சுல்தானிடம் சம்பளம் வாங்கியவர், சீனாவரை போய் வந்தவர் என்பது எதிரே நின்று வழக்காடியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அவர்தான் இபின் பதூதா.

1304-ல் டாஞ்சியர் நகரில் பிறந்தார். 21-வது வயதில், 1325-ல், மெக்கா யாத்திரைக்கென்று தன்னந்தனியே புறப்பட்டார். தாயும் தந்தையும் உயிரோடிருந்தார்கள். யாத்திரை முடிந்ததும் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. எகிப்து, பாரசீகம், ஆப்பிரிக்கக் கரை என்று சுற்றி, 1333-ல் சிந்து நதியை அடைந்தார்.

டெல்லியில் முகமது பின் துக்ளக் இவரைக் காஜியாக்கி, ஆண்டுக்கு 12,000 வெள்ளி தினார் சம்பளம் போட்டார். அந்நிய மண்ணில் அரண்மனை உத்தியோகம், செலவும் அதற்கேற்ப! கடன் 55,000 தினார் ஆயிற்று. சுல்தானைப் புகழ்ந்து அரபியில் கவிதை பாடித்தான் அந்தக் கடனை அடைக்க வழி தேடினார். பிறகு அதே சுல்தானின் சந்தேகத்துக்கு ஆளாகிச் சில நாட்கள் காவலில் இருந்ததும் உண்டு.

சீனாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டபோது, கள்ளிக்கோட்டையில் புயல் கப்பல்களைச் சிதறடித்தது. பரிசுப் பொருள்கள் எல்லாம் போயின. இவர் கையில் மிஞ்சியது ஒரு விரிப்பும் பத்து தினாரும். டெல்லிக்குத் திரும்ப அச்சம். மாலத் தீவுக்குப் போனார். அங்கேயும் காஜி வேலை! இலங்கையில் சிவனொளிபாத மலை ஏறினார். அங்கிருந்து வரும் வழியில் தமிழகக் கரையருகே கப்பல் உடைந்தது. அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் இவருக்குச் சகலை முறை. உறவு கிடைத்ததே தவிர நிம்மதி கிடைக்கவில்லை. சுல்தானின் கொடுமைகளைக் கண்டு மனம் வெறுத்தார். ஊரெங்கும் கொள்ளை நோய். இவருக்கும் கடும் காய்ச்சல். புளியைக் கரைத்துக் குடித்தார், மூன்று நாள் வயிறு போயிற்று, பிழைத்தார். நம் வீட்டு அடுப்பங்கரைப் புளிக்கு உலகப் பயணி ஒருவர் கொடுத்த நற்சான்று இது.

சீனா போய்த் திரும்புகையில், 1348-ல் டமாஸ்கஸில் தந்தையைப் பற்றிய செய்தி கிடைத்தது. அவர் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மறு ஆண்டு சொந்த நாட்டில் கால் வைத்ததும் இன்னொரு செய்தி: தாயாரும் கொள்ளை நோயில் போய்விட்டார். 24 ஆண்டு கழித்து டாஞ்சியருக்கு வந்த மகன் பார்த்தது தாயின் சமாதியைத்தான்.

தம் நாட்டைப்போல் வேறு நாடு இல்லை என்று புகழ்ந்தவர்தான். ஆனாலும் கால் நிற்கவில்லை. கிரானடாவுக்குப் போனார். 1352-ல் சகாரா பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டுக்குப் போனார். சுல்தான் அபூ இனானின் ஆணை வந்த பிறகே திரும்பினார்.

பெஸ் நகரில் உட்காரவைத்து, பார்த்ததையெல்லாம் சொல்லச் சொன்னார் சுல்தான். எழுதியவர் இபின் ஜுசய் என்ற இளம் கவிஞர். குறிப்புகளில் ஒரு பகுதியை எப்போதோ கடற்கொள்ளையர் பறித்துக்கொண்டார்கள். பெரும்பாலும் நினைவிலிருந்துதான் சொன்னார். ஆண்டுகள் சில இடங்களில் குழம்பியிருப்பதில் வியப்பில்லை. 1355-ன் இறுதியில் நூல் முடிந்தது.

அரண்மனையில் பலர் நம்பவில்லை. துக்ளக் நகருக்குள் நுழையும்போது யானைமேல் பொறி வைத்துக் காசுகளை மக்கள்மீது வீசுவார்கள் என்றாரே, அதைப் பொய் என்றே பேசிக்கொண்டார்கள். பின்னாளில் பெரும் சரித்திர ஆசிரியரான இபின் கல்தூனுக்கும் அப்போது சந்தேகம்தான். சிறையிலேயே வளர்ந்த பிள்ளை, தான் கண்ட எலியைக் கொண்டே ஆட்டையும் ஒட்டகத்தையும் கற்பனை செய்த கதையைச் சொல்லி, காணாததைப் பொய் என்று தள்ளாதே எனத் திருத்தினார் ஒரு மந்திரி.

இபின் பதூதா பின்னர் காஜி வேலைக்குப் போய்விட்டார். 1368 அல்லது 1369-ல் இறந்தார். இடைப்பட்ட அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எந்தக் கப்பலிலும் ஏறியதாக எழுத்தில் இல்லை.