மணலில் ஒலியைக் கண்டவர்

கருவிகள் இல்லாமல் ஆய்வு செய்ய முடியாது என்றே நானும் நினைத்திருந்தேன், சர் சி. வி. இராமனைப் பற்றி வாசிக்கும் வரை.

1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த இராமன், உடல்நலக் குறைவால் இங்கிலாந்து சென்று படிக்க முடியாமற் போனார். 1907இல் கல்கத்தாவில் அரச கணக்குத்துறையில் சேர்ந்தார். வேலைக்கு முன்னும் பின்னும் ஆய்வுகூடத்தில் உழைத்தார்.

சாதாரண மேளத்தின் மேலொலிகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தில் மட்டும் ஏன் இசைகின்றன? தோலின் மீது மெல்லிய மணலைத் தூவித் தட்டினார். அதிராத இடங்களில் மணல் ஒதுங்கிக் கோலமிட்டது. நடுவிலுள்ள கரிய பூச்சின் பாரமே காரணம் எனத் தெளிந்து, 1920இலும் 1934இலும் கட்டுரைகள் எழுதினார். ஒளி பற்றிய ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற அவர், 1970இல் மறைந்தார்.

அடி வெட்டிய பால்மா டின்னில் பலூனை இழுத்துக் கட்டி, பழைய ஸ்பீக்கரின் மேல் வைத்து, தூள் உப்பைத் தூவினேன். முதலில் உப்பு சிதறியது. சத்தத்தைக் குறைத்ததும் வளையமானது.

எங்கள் பதுளைத் தோட்டங்களில் தீயில் காய்ச்சி அடிக்கும் தப்பில் கரிய பூச்சு இல்லை. அதன் தோலில் உப்பு என்ன கோலமிடும்? அடுத்து அதைத்தான் பார்க்கப் போகிறேன், இன்ஷா அல்லாஹ்.