தளை அறுத்த தாயுள்ளம்

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தாயார் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இடம்பெற்ற மகள், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

1927இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பெற்று, பிரிட்டிஷ் இந்தியாவின் முதற் பெண் சட்டமன்ற உறுப்பினரானார், துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தேவதாசியரின் மானிய நிலம் கோயிற்பணியோடு பிணைக்கப்பட்டிருந்தது. நிலம் பறிபோகுமே என்ற அச்சமும் பெண்மக்களுக்குப் பொட்டுக் கட்டச் செய்தது. இம்முடிச்சை உணர்ந்த அம்மையாரின் முயற்சியால், பணியின்றியே நிலம் அவர்க்கு உரியதாகும் சட்டத் திருத்தம் 1929இல் நிறைவேறியது. பொட்டுக்கட்டும் வழக்கத்தையே ஒழிக்க அவர் கொணர்ந்த மசோதா நிறைவேறுமுன், காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து 1930இல் பதவி துறந்தார். அதற்கான சட்டம் 1947இல்தான் வந்தது.

இடைக்காலத்தில் அவர் வாளாவிருந்தாரல்லர். ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை இல்லம் கண்டார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968இல் மறைந்தார்.

அவர் அவையில் அமர்ந்தது ஏறத்தாழ மூன்றாண்டுகளே. எனினும், சட்டம் இயற்றுவோர் மக்களின் தளை எவ்விடத்தில் முடிச்சிடப்பட்டுள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும் என்னும் பாடத்தை அவ்வாழ்வு நம் மாணவியர்க்கு விட்டுச் சென்றுள்ளது.