படிப்பை நிறுத்தச் சொன்ன வயசு
மாமல்லபுரத்துல பஸ் ஏறி அடையாறு போயிருப்பீங்க. அங்க 1954-ல் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினவங்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அது தெரியும். அதுக்கு முன்னாடி நடந்தது தெரியுமா?

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தாங்க. வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. வீட்டிலேயே படிச்சு மெட்ரிக் தேறினாங்க. பசங்க மட்டும் படிச்ச மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினாங்க.

வளர்ந்து முடியாத உடம்பு பிள்ளை பெறக்கூடாது. அது படிக்கிற வயசு. டாக்டரா அவங்க கருத்து இதுதான். சென்னை சட்டசபைக்குப் போனதும் பெண்ணோட கல்யாண வயசு 16 ஆகணும்னு வாதாடினாங்க. 1929-ல் வந்த சாரதா சட்டம் 14 தான் கொடுத்தது. அவங்க நிக்கல. போக்கிடமில்லாத பெண்கள் தங்கிப் படிக்க அவ்வை இல்லம் தொடங்கினாங்க. 1968-ல் மறைஞ்சாங்க.

உங்க வகுப்புல எத்தனை பொண்ணுங்கன்னு ஒருதரம் எண்ணிப் பாருங்க.