கோட்டைக்கு வந்த குடும்பப் பெயர்

தமிழரிடையே தலைமுறைகள் கடந்து தொடரும் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னே நிற்கிறது. அடுத்த தலைமுறையில் அதுவும் மறைந்துவிடுகிறது. ஐரோப்பியருக்கு அப்படியல்ல. ஒரு குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் சென்றால் சில நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு கப்பலையும் ஒரு சிற்றூரையும் அடைய முடிகிறது. அத்தகைய பெயர் ஒன்று, கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில், ஒரு கல்லறையின் மீது பொறிக்கப்பட்டிருக்கிறது. டிலனாய் என்பதே அந்தப் பெயர்.

பிரான்சின் வட எல்லையில், லீல் நகருக்கு அருகே உள்ள சிற்றூர் லனாய். அவ்வூரின் பெயரைத் தாங்கியவர்கள் காலப்போக்கில் பல திசைகளுக்குப் பரவினர். அவர்களுள் பிலிப் டி லனாய் என்ற இளைஞர், ஹாலந்தின் லைடன் நகரிலிருந்து புறப்பட்டு, 1621-இல் 'ஃபார்ச்சூன்' என்ற கப்பலில் அமெரிக்காவின் பிளைமவுத் குடியேற்றத்தை அடைந்தார். ஆங்கிலேயர் நாவில் அப்பெயர் 'டெலனோ' ஆயிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஃபிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட்டின் தாய்வழிப் பெயர் அதுதான்.

அதே பெயர் கொண்ட யூஸ்டாசியஸ் டிலனாய், பிரான்சின் அராஸ் நகரில் 1715-இல் பிறந்தவர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்து கீழ்த்திசைக்கு வந்தார். அக்காலத்தில் திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர் அண்டை அரசுகளை ஒவ்வொன்றாக இணைத்து வந்தார். அதனால் மிளகு வணிகத்தில் தங்கள் பிடி தளரும் என்று டச்சுக்காரர்கள் அஞ்சினர். 1741-இல் தக்கலைக்குத் தென்மேற்கே உள்ள குளச்சலில் அவர்களது படை இறங்கியது. ஆகஸ்ட் மாதம் அந்தப் படை மன்னரிடம் சரணடைந்தது. மன்னர் வசம் வந்த ஐரோப்பியர்களுள் டிலனாயும் ஒருவர்.

மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. தமது படைவீரர்களுக்குப் பயிற்சியளிக்கும் பொறுப்பைத் தந்தார். துப்பாக்கியைக் கையாளும் முறையையும் பீரங்கிப் போர் நுட்பத்தையும் ஐரோப்பிய அணிவகுப்பு ஒழுங்கையும் அவர் கற்பித்தார். உதயகிரிக் கோட்டை வலுப்படுத்தப்பட்டு, அங்கே பீரங்கி வார்க்கும் உலைக்கூடம் இயங்கியது. படிப்படியாக உயர்ந்து திருவிதாங்கூரின் தலைமைத் தளபதியான அவரை மக்கள் 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தனர். காயங்குளம் முதல் கொச்சி எல்லை வரை நடந்த படையெடுப்புகளில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. தர்மராஜா ஆட்சிக் காலத்தில் வட எல்லையில் எழுந்த நெடுங்கோட்டை அரணும் அவரது திறனுக்குச் சான்று. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1789 டிசம்பரில், திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் அந்த அரணில்தான் முறியடிக்கப்பட்டது.

ஆயினும் இவ்வாழ்க்கையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது. அவரது படைத்திறனால் திருவிதாங்கூர் விரிந்தபோது, பல சிற்றரசுகள் தங்கள் சுதந்திரத்தை இழந்தன. அவரது சொந்த வாழ்விலும் தீராத முரண் ஒன்று இருந்தது. அரண்மனை அலுவலராக இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, டிலனாயின் நட்பால் கத்தோலிக்க சமயத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். பின்னர் சிறைப்பட்டுத் துன்புறுத்தப்பட்ட அவர், 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் வாடிகன் அவரைப் புனிதராக அறிவித்தது. நண்பனின் உயிரைப் பறித்த அரசுக்கே டிலனாய் மேலும் கால் நூற்றாண்டு பணிபுரிந்தார். தளபதிக்குரிய கடமையும் நண்பனுக்குரிய துயரமும் ஒரே மனத்தில் எவ்வாறு தங்கின என்பதைக் கல்வெட்டுகள் சொல்வதில்லை.

1765-இல் களக்காட்டுப் போரில் அவருடைய மகன் ஜோகன்னஸ் இளம் வயதிலேயே மாண்டார். 1777 ஜூன் 1 அன்று டிலனாயும் உதயகிரியில் காலமானார். கூரை இழந்த சிறு தேவாலயத்துக்குள் மனைவி, மகன் கல்லறைகளுடன் அவரது கல்லறையும் இருக்கிறது. அதன் எழுத்துகள் லத்தீனிலும் தமிழிலும் அமைந்துள்ளன. பிறந்த மண்ணின் மொழியை விடுத்து, வழிபாட்டு மொழியும் வாழ்ந்த மண்ணின் மொழியும் அங்கே இடம்பெற்றிருப்பது எண்ணத்தக்கது.

அமெரிக்காவில் அப்பெயர் பிள்ளைகள் வழியாகத் தொடர்ந்து ஒரு குடியரசுத் தலைவரிடம் சென்று சேர்ந்தது. இங்கோ அது ஒரு கோட்டையின் பெயராயிற்று. உதயகிரிக்கு 'டிலனாய் கோட்டை' என்ற வழக்கும் உண்டு. இன்று வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக விளங்கும் அக்கோட்டைக்குப் பள்ளிக் குழந்தைகள் சுற்றுலா வருகின்றனர். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டுத் திரும்புவோரும் வருகின்றனர். அவர்களுக்கு இந்தக் கல்லறையின் முன் குளச்சல் வெற்றியைச் சொல்வதோடு நின்றுவிடாமல், காற்றாடிமலையில் விழுந்த உயிரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டையும் அறிந்தால்தான் அக்கல்லில் உள்ள பெயரை முழுமையாகப் படித்தவர்களாவோம்.