உர்பைன் லெவெரியே

உர்பைன் ஜான் ஜோசப் லெவெரியே (மார்ச் 11, 1811 – செப்டம்பர் 23, 1877) பிரான்சு நாட்டைச் சேர்ந்த வானியலாளரும் கணிதவியலாளரும் ஆவார். யுரேனசுக் கோளின் இயக்கத்தில் காணப்பட்ட பிறழ்வுகளைக் கொண்டு, அதுவரை அறியப்படாத ஒரு கோள் வானில் இருக்கவேண்டிய இடத்தைக் கணக்கிட்டுக் கூறியமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார். அக்கோளே நெப்டியூன் ஆகும். இதே முறையைப் பின்பற்றி இவர் எதிர்வுகூறிய வல்கன் என்னும் மற்றொரு கோள் இல்லாத ஒன்றாயிற்று. ஓர் எதிர்வுகூறலின் வெற்றியும் தோல்வியும் ஒரு கோட்பாட்டுக்கு எவ்வளவு தூரம் சான்றாக அமையும் என்ற வினாவை ஆராயும் அறிவியல் மெய்யியலாளர் இவ்விரு நிகழ்வுகளையும் எடுத்துக்காட்டுகளாகக் கொள்கின்றனர்.

இளமை

லெவெரியே நார்மாண்டிப் பகுதியிலுள்ள சென் லோ என்னும் ஊரில் பிறந்தார். பாரிசு நகரின் எக்கோல் பாலிடெக்னிக்கில் கல்வி கற்றார். தொடக்கத்தில் கே-லுசாக்கின் கீழ் வேதியியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த இவர், 1837 இல் அதே நிறுவனத்தில் வானியல் கற்பிக்கும் துணைப் பணியை ஏற்றார். அதன்பின் கோள்களின் இயக்கம் பற்றிய கணிப்புகளே இவரது வாழ்நாள் பணியாயின.

யுரேனசின் சிக்கல்

யுரேனசு 1781 இல் வில்லியம் எர்செலால் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் இடநிலைகளைத் தரும் அட்டவணைகளை அலெக்சி புவார் 1821 இல் வெளியிட்டார். ஆனால் கோள் இவ்வட்டவணைகளின்படி நகரவில்லை. 1845 அளவில் வேறுபாடு ஏறத்தாழ 2 கலையாக இருந்தது. இது வெறுங்கண்ணுக்குப் புலப்படாத அளவே எனினும், அக்கால வானியலின் துல்லியத்துக்கு மிகப் பெரிய பிழையாகும். நியூட்டனின் ஈர்ப்பு விதி பெருந்தொலைவில் சற்றே மாறுபடுகிறதோ என்ற ஐயமும் சிலரிடம் எழுந்தது.

1845 இல் பிரான்சுவா அராகோவின் வேண்டுகோளின்படி லெவெரியே இச்சிக்கலை ஆராயத் தொடங்கினார். ஈர்ப்பு விதியை மாற்றாமல், யுரேனசுக்கு அப்பால் உள்ள ஒரு கோளின் ஈர்ப்பே பிறழ்வுக்குக் காரணம் என்று கொண்டார். அறியப்பட்ட கோளிலிருந்து அதன் விளைவைக் கணக்கிடுவதே அதுவரை வழக்கமாயிருந்தது. லெவெரியே விளைவிலிருந்து அறியப்படாத கோளைத் தேடினார். 1846 ஆகத்து 31 அன்று அதன் சுற்றுப்பாதை, திணிவு, இடநிலை ஆகியவற்றைப் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அறிவித்தார்.

நெப்டியூன் கண்டுபிடிப்பு

லெவெரியே செப்டம்பர் 18 அன்று பெர்லின் வானாய்வகத்தைச் சேர்ந்த யோகான் காலேக்குக் கடிதம் எழுதினார். கடிதம் 23 ஆம் தேதி கிடைத்தது. அன்றிரவே காலேயும் மாணவர் ஐன்றிச் டாரெசுட்டும், புதிதாக அச்சிடப்பட்டிருந்த விண்மீன் வரைபடத்துடன் வானத்தை ஒப்பிட்டு, வரைபடத்தில் இல்லாத ஒரு பொருளைக் கண்டனர். அது கணித்த இடத்திலிருந்து 1 பாகைக்கும் குறைவான தொலைவில் இருந்தது. மறுநாள் அது நகர்ந்திருந்ததால் கோள் என்பது உறுதியாயிற்று.

இங்கிலாந்தில் சான் கவுச் ஆடம்சும் தனித்து இதே சிக்கலை ஆராய்ந்திருந்தார். கேம்பிரிச்சில் தேடுதல் நடத்திய சேம்சு சாலிசு, அவ்வாண்டு ஆகத்து மாதத்திலேயே அக்கோளை இருமுறை பதிவுசெய்திருந்தும் அதனை இனங்காணவில்லை என்பது பின்னர் தெரியவந்தது. முதன்மை யாருக்கு உரியது என்பது குறித்து இரு நாடுகளுக்கிடையே கடும் சர்ச்சை மூண்டது. லெவெரியே 1846 இலும் ஆடம்சு 1848 இலும் அரச கழகத்தின் கோப்ளி பதக்கத்தைப் பெற்றனர்.

எனினும் எதிர்வுகூறல் முழுவதும் சரியாக அமையவில்லை. லெவெரியே கணித்த சராசரித் தொலைவு ஏறத்தாழ 36 வானியல் அலகுகள். உண்மைத் தொலைவு 30 ஆகும். கணித்த திணிவும் உண்மையானதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இதனால் அமெரிக்கக் கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்சு, கண்டுபிடிப்பு ஒரு தற்செயல் நிகழ்வே என்று வாதிட்டார். ஆனால் 1822 அளவில் இரு கோள்களும் ஒரே திசையில் அணுகியிருந்தமையால், அதையொட்டிய பல ஆண்டுகளின் பிறழ்வுகள் புதிய கோளின் திசையை நன்கு சுட்டின. தொலைவில் பிழையிருந்தும் திசை சரியாக அமைந்ததன் காரணம் இதுவே.

புதனும் வல்கனும்

1859 இல் லெவெரியே புதனின் இயக்கம் பற்றிய ஆய்வை வெளியிட்டார். புதனின் சூரிய அண்மைப் புள்ளி, பிற கோள்களின் ஈர்ப்பால் விளக்க இயலாதவாறு நூற்றாண்டுக்கு 38 விகலை கூடுதலாக முன்னேறுவதை அவர் கண்டார். சைமன் நியூகோம் 1882 இல் இதனை 43 விகலை எனத் திருத்தினார். யுரேனசுக்குச் செய்தது போலவே, புதனுக்கும் சூரியனுக்கும் இடையே அறியப்படாத பொருள் அல்லது பொருள்கள் இருக்கவேண்டும் என்று லெவெரியே கருதினார்.

அவ்வாண்டே எட்மோன் லெசுகார்போ என்னும் ஊர் மருத்துவர், சூரியனைக் கடந்து சென்ற ஒரு கரும்புள்ளியைத் தாம் கண்டதாக அறிவித்தார். லெவெரியே நேரில் சென்று விசாரித்து அதனை ஏற்றுக்கொண்டார். கோளுக்கு வல்கன் எனப் பெயரிடப்பட்டது. 1877 மார்ச்சில் அது சூரியனைக் கடக்கக்கூடும் என அவர் அறிவித்தார், எதுவும் தென்படவில்லை. 1901, 1905, 1908 ஆம் ஆண்டுகளின் சூரிய கிரகணங்களின்போது லிக் வானாய்வகம் எடுத்த ஒளிப்படங்களிலும் அத்தகைய கோள் காணப்படவில்லை. 1915 நவம்பரில் ஐன்சுடைனின் பொதுச் சார்புக் கோட்பாடு, புதிய கோள் எதையும் கொள்ளாமலே 43 விகலையை விளக்கியது.

வானாய்வகமும் வானிலையும்

லெவெரியே 1854 இல் பாரிசு வானாய்வகத்தின் இயக்குநரானார். அவ்வாண்டு நவம்பர் 14 அன்று கருங்கடலில் வீசிய புயலில் பிரெஞ்சு, பிரித்தானியக் கப்பல்கள் பல அழிந்தன. இதனை ஆராய்ந்த லெவெரியே, தந்தி வழியாக வானிலைத் தகவல்களைத் திரட்டினால் புயலை முன்னறிவிக்கலாம் எனக் கண்டு, அதற்கான வலையமைப்பை உருவாக்கினார். கடுமையான நிருவாகத்தால் உடன் பணியாற்றியோரின் எதிர்ப்புக்கு உள்ளாகி 1870 இல் பதவி நீக்கப்பட்டார். 1873 இல் மீண்டும் அமர்த்தப்பட்டார்.

மெய்யியல் முக்கியத்துவம்

நெப்டியூனுக்குச் சில ஆண்டுகள் முன்பே இவ்வினா இங்கிலாந்தில் விவாதிக்கப்பட்டது. வில்லியம் இயூவெல், முன்னர் அறியப்படாத நிகழ்வுகளைச் சரியாக எதிர்வுகூறுவது கோட்பாட்டுக்கு வலுவான சான்று என்றார். சான் சுடுவர்ட் மில், அறிந்த உண்மைகளை விளக்குவதைவிட எதிர்வுகூறலுக்குத் தனி மதிப்பு இல்லை என்றார். நெப்டியூன் இயூவெலின் பக்கத்துக்கு வலுச்சேர்ப்பதாகத் தோன்றியது. ஆனால் புதனின் பிறழ்வு ஐன்சுடைனுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்திருந்தும், அதன் விளக்கம் அவரது கோட்பாட்டின் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக ஏற்கப்படுகிறது. இது மில்லின் கருத்துக்கு ஆதரவாக உள்ளது.

எந்தக் கருதுகோளும் தனித்துச் சோதிக்கப்படுவதில்லை என்று பியேர் துயெம் 1906 இல் எழுதினார். லெவெரியேயின் பணி இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. இரு முறையும் கணக்கு பொருந்தாதபோது, விதியில் பிழையா அல்லது அறிந்த கோள்களின் பட்டியலில் குறையா என்ற தேர்வு அவர்முன் இருந்தது. இரு முறையும் அவர் விதியை நம்பினார். முதல் முறை பட்டியலில் குறை இருந்தது. இரண்டாம் முறை விதியிலேயே குறை இருந்தது. எது எது என்பதை முன்கூட்டி அறிய வழியிருக்கவில்லை.

மறைவு

லெவெரியே, நெப்டியூன் கண்டறியப்பட்ட நாளின் 31 ஆம் ஆண்டு நிறைவன்று, 1877 செப்டம்பர் 23 அன்று பாரிசில் காலமானார். அவரது உடல் மொன்பார்னாசு இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்டுள்ள 72 அறிஞர்களின் பெயர்களுள் அவரது பெயரும் ஒன்று.